காற்றோட்டத்தின் கணக்கு

மாஹிம் கழிமுகத்தின் சதுப்பு நிலத்தைப் பல தலைமுறைகளாக மண்ணும் கல்லும் குப்பையும் கொட்டித் தூர்த்து, அதன்மேல் ஒற்றை அறை வீடுகளும் பட்டறைகளும் நெருங்கி எழும்பி உண்டான தாராவிக்கும், செம்பூரைத் தாண்டிக் கடலோரத்தில் நிற்கும் டிராம்பேக் குன்றுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர் தூரங்கூட இல்லை. அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் 1957 ஜனவரி 20-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அணுசக்தி நிலையத்தை முறைப்படி திறந்துவைத்தார். 1967 முதல் அது பாபா அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரைத் தாங்கி வருகிறது. நம் வீடுகளுக்குள் ரேடான் என்னும் வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தறியும் சாஸ்திரம் இந்நாட்டில் வளர்ந்தது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே, அளக்கும் வித்தை பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தாராவியின் அறை ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது பொருத்தமாகவே இருக்கும்.

ரேடானுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. வேறெந்தப் பொருளோடும் அது எளிதில் ரசாயனச் சேர்க்கை கொள்வதுமில்லை. உலகத்துப் பாறைகளிலெல்லாம் சொற்பமாகவேனும் கலந்திருக்கும் யுரேனியம், 447 கோடி ஆண்டுகளில் பாதியாகத் தேயும் மந்த கதியில் சிதைந்து, இடையே பல பிறவிகளைக் கடந்து ரேடியமாகி, 1,600 ஆண்டு அரையாயுள் கொண்ட அந்த ரேடியம் ஓர் ஆல்பாத் துகளை உதிர்த்து மாறும்போது தோன்றுவதே ரேடான். இந்த வம்சாவளியில் அதற்கு முன்னோரும் பின்னோரும் திடப் பொருள்கள். இது ஒன்று மட்டுமே வாயு. பாறையில் பிணைப்புண்டு கிடந்த பரம்பரையில் பிறந்த இது, மண்ணின் இடுக்குகளில் கசிந்து, தரையின் வெடிப்புகள் வழியே வீட்டுக்குள் புகுவதற்கு அதன் அரையாயுளாகிய 3.82 நாள் தாராளமான அவகாசம். தோரியத்தின் வம்சத்தில் பிறக்கும் சகோதர வாயுவாகிய தோரானுக்கோ 55.6 விநாடிதான் அரையாயுள். சுவரிலிருந்து வெளிப்பட்டுச் சிறிது தூரம் செல்வதற்குள் அதன் பெரும்பகுதி அழிந்துபோகிறது.

தீங்கு செய்வது ரேடானைக் காட்டிலும் அதன் சந்ததி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுவாசித்த ரேடானில் பெரும்பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியேறிவிடும். ஆனால் அறையிலுள்ள ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம்-218, அதைத் தொடரும் ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214 ஆகியவை திடப் பொருள்களாதலால், காற்றில் மிதக்கும் தூசியிலும் அடுப்புப் புகையிலும் ஊதுவத்திப் புகையிலும் ஒட்டிக்கொண்டு, மூச்சுக் குழல்களின் சுவரில் படிந்து, ஒரு மணி நேரத்துக்குள் தம் ஆல்பாத் துகள்களை அங்கேயே செலுத்திவிடுகின்றன. ஜெர்மனியின் சாக்ஸனியில் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொன்றுவந்த மர்ம நோய் நுரையீரல் புற்று என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் 1879-இல் அறிவித்தார்கள். அப்போது ரேடானைப் பற்றி எவரும் அறியார். 1988-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள்களின் வரிசையில் இதைச் சேர்த்தது. ஐரோப்பாவின் பதின்மூன்று ஆய்வுகளை ஒருங்கே எடுத்துக் கணக்கிட்டு 2005-இல் வெளியான முடிவு, கனமீட்டருக்கு 100 பெக்கரல் கூடுந்தோறும் நுரையீரல் புற்றின் அபாயம் சுமார் 16 சதவிகிதம் உயர்வதாகக் காட்டிற்று. பெக்கரல் என்பது விநாடிக்கு ஓர் அணுச் சிதைவு. இதில் புகைபிடிப்போரின் நிலைமை மிகவும் பரிதாபகரமானது. ஒரே அளவு ரேடானிலும் அவர்களுக்கு நேரும் அபாயம் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்த வாயு கண்டறியப்பட்ட வரலாற்றில் ஒரு கதவு வருகிறது. 1899-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில், மெக்கில் சர்வகலாசாலையில் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஆர். பி. ஓவன்ஸும் தோரியத்தின் கிரணங்களை அளந்துகொண்டிருந்தபோது, அளவீடு நிலைகொள்ளாமல் தடுமாறிற்று. பரிசோதனைச் சாலையின் கதவைத் திறந்தால் எண் குறைவதையும், காற்றின் அசைவு நின்றால் அது மறுபடி ஏறுவதையும் ஓவன்ஸ் கவனித்தார். தோரியத்திலிருந்து காற்றோடு அடித்துச் செல்லப்படக்கூடிய ஏதோ ஒன்று வெளிப்படுகிறது என்று ரூதர்ஃபோர்ட் ஊகித்தார், அதுவே தோரான். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஃபிரெடெரிக் டோர்ன் ரேடியத்திலிருந்தும் அத்தகைய வாயு வருவதைக் கண்டார். காற்றோட்டம் இருந்தால் குறையும், இல்லாவிட்டால் பெருகும் என்பது இந்த வாயுவைப் பற்றி மனிதன் அறிந்த முதல் உண்மை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அதுவே பிரதான உண்மையாக நிற்கிறது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். உலகத்து வீடுகளின் சராசரி, கனமீட்டருக்கு ஏறத்தாழ 40 பெக்கரல். அப்படிப்பட்ட அறையில் ஒரு கனமீட்டர் காற்றில் உள்ள ரேடான் அணுக்கள் சுமார் இரண்டு கோடி; கேட்பதற்கு இது பெருந்தொகைபோலத் தோன்றினாலும், அதே காற்றிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை இருபத்தாறு இலக்கங்கள் கொண்டதாதலால், ரசாயன முறை எதனாலும் அவற்றைப் பிரித்து நிறுத்துப் பார்த்தல் சாத்தியமன்று. அவை சாகும்போது எழுப்பும் ஆல்பாத் துகள்களை எண்ணுவது ஒன்றே வழி. துத்தநாக ஸல்ஃபைடு பூசிய சிறு கலத்துக்குள் காற்றை இழுத்து, ஆல்பாத் துகள் படுந்தோறும் தோன்றும் மின்னலை எண்ணும் முறையை ஹென்றி லூகாஸ் 1957-இல் செம்மைப்படுத்தினார். தூண்டப்பட்ட கரியை ஒரு டப்பாவில் வைத்துச் சில நாட்கள் திறந்துவிட்டு, அது உறிஞ்சிய ரேடானைப் பிற்பாடு அளப்பது மற்றொரு முறை. அது மலிவானது, ஆனால் மும்பைக்கு ஏற்றதன்று, ஏனெனில் ஆடி மாதத்து மும்பைக் காற்றில் கரி ரேடானைக் காட்டிலும் ஈரத்தையே அதிகமாகக் குடித்துவிடும். மின்புலத்தால் பொலோனியம் அணுக்களை ஒரு தகட்டின்மேல் இழுத்து எண்ணும் யந்திரங்களும் உண்டு. நீராவி மிகுந்தால் அந்த அணுக்கள் மின்னேற்றத்தை இழந்து தகட்டுக்கு வராமலே போகுமாகையால், உள்ளே புகும் காற்றை முன்கூட்டியே உலர்த்தியாக வேண்டும். டிராம்பே விஞ்ஞானிகள் உருவாக்கிய ‘ஸ்மார்ட் ஆர்என்டுவோ’ என்னும் கையடக்கக் கருவி, லூகாஸ் வழியையே பின்பற்றி மின்னல்களை எண்ணுவதால், ஈரத்தைப் பற்றிய இந்தக் கவலை அதற்கு இல்லை.

எனினும் ஒரு வேளையில் எடுத்த அளவு ஒரு வேளையின் செய்தியைத்தான் சொல்லும். ரேடான் விடியற்காலையில் உயர்ந்து பிற்பகலில் தாழும். மழைக்காலத்தில் ஒரு விதம், மார்கழியில் ஒரு விதம். வருஷ முழுவதும் அந்த அறையில் வசிக்கும் ஒருவருக்குப் பயன்படுவது நீண்ட காலச் சராசரி. அதற்கு உதவுவது, மின்சாரமோ காவலோ வேண்டாமல் ஆணியில் தொங்கிக்கொண்டே வேலை செய்யும் ஒரு செந்நிறப் படலம். எல்ஆர்-115 என்ற பெயருடைய இந்த ஸெல்லுலோஸ் நைட்ரேட் படலத்தின் கனம் 12 மைக்ரான். ஆல்பாத் துகள் அதில் பாய்ந்தால், கண்ணுக்குப் புலனாகாத ஒரு காயம் நேர்கிறது. மூன்று மாதம் கழித்துப் படலத்தை எடுத்து, 60 பாகை வெப்பத்தில் காரஸோடாக் கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால், காயம்பட்ட இடங்கள் மற்ற இடங்களைவிட விரைவாகக் கரைந்து, துளைகளாகத் திறந்துகொள்ளும். பிறகு அதை இரு மின்முனைகளுக்கு நடுவே, அலுமினியம் பூசிய மெல்லிய தாளோடு சேர்த்து வைத்து, மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு பொறி தாவுகிறது; தாவிய இடத்து அலுமினியம் ஆவியாகிவிடுவதால், அதே துளையில் பொறி மறுமுறை பாயாது; அடுத்த துளையைத் தேடிச் செல்லும். எண்ணும் யந்திரம் பொறிகளை எண்ணுகிறது. இத்தனை எளிய ஏற்பாட்டில் இத்தனை யுக்தி அடங்கியிருப்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரு சங்கடம் மட்டும் எஞ்சியிருந்தது. படலத்துக்கு ரேடானின் ஆல்பாவும் ஒன்றே, தோரானின் ஆல்பாவும் ஒன்றே. மணவாளக்குறிச்சி போன்ற தோரிய மணற்பகுதியில் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும். பி. கே. சாகூ, பி. கே. சப்ரா, ஒய். எஸ். மய்யா முதலிய டிராம்பே ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஊசித்துளைக் கருவி இதை அழகாகத் தீர்த்தது. அதில் உருளை வடிவான இரண்டு சிற்றறைகள் அடுத்தடுத்து உண்டு; வாசல் ஒன்றே. தூசியையும் சந்ததிகளையும் தடுக்கும் கண்ணாடியிழை வடிதாளினூடே காற்று முதல் அறைக்குள் வருகிறது; அங்கே ரேடானும் தோரானும் சேர்ந்தே படலத்தில் சுவடு பதிக்கின்றன. இரண்டாம் அறைக்குச் செல்ல, ஒரு மில்லிமீட்டர் விட்டமும் இரண்டு மில்லிமீட்டர் நீளமும் கொண்ட நான்கே துளைகள். அவ்வளவு குறுகிய வழியில் நுழைந்து செல்வதற்குள் தோரானின் ஆயுள் முடிந்துவிடுகிறது. நாள் கணக்கில் வாழும் ரேடான் நிதானமாக உள்ளே போய்ச் சேர்கிறது. முதல் அறையின் எண்ணிலிருந்து இரண்டாவதன் எண்ணைக் கழித்தால் தோரானின் பங்கு கிடைக்கும். 40 பெக்கரல் உள்ள அறையில் 90 நாள் தொங்கினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அறுபது சுவடுகள் விழும்.

கருவியை எங்கே தொங்கவிடுவது என்பதும் சாமானியமான கேள்வியன்று. சுவரை ஒட்டி வைத்தால், சுவரிலிருந்து புறப்படும் தோரான் அளவை உயர்த்திக் காட்டும். ஜன்னலருகே வைத்தால் வெளிக்காற்று தாழ்த்திக் காட்டும். விசாலமான பங்களாவில் சுவரிலிருந்து விலகிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. கோலி என்று அங்குள்ளோர் சொல்லும் தாராவியின் ஒற்றை அறையிலோ, பத்தடிக்குப் பத்தடி இடத்துக்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் நடக்க, ஏணி வைத்து ஏறும் பலகை மாடியில் மேலும் சிலர் உறங்குகிறார்கள். ஆதலால், தரையில் பாய் விரித்துப் படுப்பவரின் மூச்சு மட்டத்தில் ஒன்றும், மேல்மாடியில் ஒன்றுமாக இரு கருவிகள் வைத்தாலன்றி அங்கே உண்மை விளங்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனிதன் ஆண்டில் 7,000 மணி நேரம் கட்டடத்துக்குள் கழிக்கிறான் என்று சர்வதேசக் கணக்குகளில் வைத்துக்கொள்வது வழக்கம். தையல் பட்டறையிலும் தோல்பைப் பட்டறையிலும் பகலில் வேலை செய்த இடத்திலேயே இரவில் படுத்துறங்கும் தொழிலாளிக்கு அந்த எண் போதாது.

இவ்வளவையும் படித்த வாசகர், தாராவியில் ரேடான் பயங்கரமாக இருக்கும்போலும் என்று எண்ணக்கூடும். பூகர்ப்ப சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைப் பிளவுகளிலிருந்து வழிந்து உறைந்த தக்காணக் கரும்பாறையின்மேல் மும்பை அமர்ந்திருக்கிறது. இந்தப் பஸால்ட்டுப் பாறையில் யுரேனியம் பொதுவாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிரானைட்டுப் பாறைகளில் அது மூன்று, நான்கு, ஐந்து பங்காகவும் இருக்கும். நகரத்துக் கான்கிரீட்டுக்குப் போடும் ஜல்லியும் சுற்றுப்புறக் குவாரிகளின் அதே கரும்பாறைதான். 2003-இல் டி. வி. ராமச்சந்திரன் முதலியோர் வெளியிட்ட டிராம்பே அறிக்கை, நாடெங்கும் உள்ள வீடுகளில் படலங்களைத் தொங்கவிட்டுப் பெற்ற அளவுகளிலிருந்து, இந்திய வீடுகளின் பொதுநிலை ரேடானுக்குக் கனமீட்டருக்கு 23 பெக்கரல் என்று கண்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வகுத்த வழிகாட்டு வரம்பு 100. அது இயலாத தேசங்களில் 300-ஐத் தாண்டலாகாது. ஆகவே, தாராவி மண்ணைக் குறித்துப் பீதி கொள்ள நியாயமில்லை. கடப்பை மாவட்டத்துத் தும்மலபல்லியில் யுரேனியச் சுரங்கம் இருக்கிறதே, எங்கள் சமையல் மேடையில் பதித்திருப்பது கடப்பைக் கல்லாயிற்றே என்று மாதுங்காவில் யாரேனும் கவலைப்படுவதும் வீண். அங்குள்ள தாதுப் பாறை வேறு, பலகையாக அறுத்து வரும் சுண்ணாம்புப் பாறை வேறு.

மண் சாது என்பதால் அறையும் சாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கேதான் காற்றோட்டத்தின் கணக்கு வருகிறது. மூன்று மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 22.5 கனமீட்டர், சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 48 சதுர மீட்டர். அந்தப் பரப்பில் சதுர மீட்டருக்கு மணிக்கு 2 பெக்கரல் வீதம் ரேடான் கசிவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கொரு முறை அறைக்காற்று முழுவதும் மாறினால், அளவு 4 பெக்கரலில் நிற்கும். கதவையும் ஜன்னலையும் அடைத்து, பத்து மணிக்கொரு முறை மாறும்படி ஆக்கினால், அதே அறையில் அதே சுவரிலிருந்து அதே கசிவு 40 பெக்கரலாக எழும்புகிறது. கல் மாறவில்லை, மண் மாறவில்லை. கதவு ஒன்றே மாறியது. அறை சிறிதாகச் சிறிதாக, கொள்ளளவுக்கு ஒப்பிடச் சுவர்ப்பரப்பு மிகுந்துகொண்டே போவதால், ஏழையின் அறை இக்கணக்கில் செல்வனின் கூடத்தைவிட எப்போதும் ஒருபடி பின்தங்கியே நிற்கிறது. தகரமும் ஓட்டையும் இடுக்குமான பழைய கூரை, வேறு எத்தனையோ துன்பங்களைக் கொடுத்தாலும், ரேடான் விஷயத்தில் மட்டும் நன்மையே செய்தது.

தண்ணீரைப் பற்றி நெடுக எழுதத் தேவையில்லை. ரேடான் நீரில் கரையும், குலுக்கினால் வெளியேறிவிடும். ஆகையால் மாதிரி எடுப்பவர் சீசாவை நீருக்குள்ளேயே மூழ்கவைத்து, ஒரு குமிழிகூட நில்லாமல் நிரப்பி மூடி, எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைச் சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிதைந்த பங்கைப் பிறகு கணக்கில் கூட்டிக்கொள்வர். அங்கே சீசாவினுள் காற்றைக் குமிழியிட்டு ரேடானைப் பிரித்து மின்னல் கலத்துக்குள் செலுத்தி, சந்ததிகள் சமநிலைக்கு வரும்வரை மூன்று மணி நேரம் பொறுத்திருந்து எண்ணுகிறார்கள். கிரானைட்டுப் பூமியாகிய பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில், ஐரோப்பிய ஒன்றியம் குடிநீருக்குக் குறித்துள்ள லிட்டருக்கு 100 பெக்கரலைத் தாண்டியும் ரேடான் காணப்பட்டதுண்டு. மும்பை குடிப்பதோ துளசி, விஹார், தான்ஸா, வைத்தர்ணா, பாட்ஸா என்னும் ஏரிகளின் நீர். திறந்த ஏரியில் வெயிலும் காற்றும் பட்டு, குழாயில் நெடுந்தூரம் ஓடி, தாராவியின் நீல டிரம்களில் விழுந்து தளும்பும் தண்ணீரில் ரேடான் மிஞ்சியிருக்க வழியில்லை. நீரில் லிட்டருக்கு 100 பெக்கரல் இருந்தாலும் அதனால் அறைக்காற்றில் கூடுவது கனமீட்டருக்குப் பத்துதான் என்பது பொதுவான விதி. தாராவிக் குடங்களைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் அனேகம் உண்டு; ரேடான் அவற்றுள் ஒன்றன்று.

வெளிக்காற்றில் உள்ள ரேடான் ஆரோக்கியத்துக்குப் பொருட்டல்ல. ஆனால் அது வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. கடற்பரப்பிலிருந்து எழும் ரேடான் நிலப்பரப்பிலிருந்து எழுவதில் நூறில் ஒரு பங்கு அளவே. ஆகவே நெடுநாள் கடல்மேல் திரிந்து வந்த காற்றில் ரேடான் வறண்டிருக்கும், கண்டங்களைத் தடவி வந்த காற்றில் செழித்திருக்கும். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி ராமா, இந்த வேற்றுமையைக் கொண்டு பருவக்காற்றின் போக்கை இனங்காணலாம் என்று 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோயின் காரணமாக நாம் அஞ்சும் பொருள், தென்மேற்குப் பருவக்காற்று வந்த வழியைச் சொல்லும் சாட்சியாகவும் ஆயிற்று.

இப்போது தாராவி மாறப்போகிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்பது அரசின் வாக்குறுதி. குறுகிய சந்துகளின் இடத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழும்பும். பத்தாவது மாடியில் வசிப்பவரை மண்ணின் ரேடான் எட்டுவதில்லை. அங்கே ரேடானுக்குத் தாயகம் சுவரே. சிமெண்டோடு சேர்க்கும் நிலக்கரிச் சாம்பலில் ரேடியம் சற்று அதிகம்; ஆனால் அதன் துகள்கள் கண்ணாடித் தன்மை உடையனவாதலால், உள்ளே பிறக்கும் ரேடானில் சிறு பகுதியே தப்பி வெளிவருகிறது. உர ஆலைகளில் பாஸ்பேட் பாறையைப் பதப்படுத்தும்போது எஞ்சும் பாஸ்போஜிப்ஸம் அப்படிப்பட்டதன்று. பாறையின் ரேடியத்தில் பெரும்பங்கு அதிலேயே தங்கிவிடும். செம்பூர்ப் பக்கம் உர ஆலை இருக்கிறது. அத்தகைய ஜிப்ஸத்தால் சுவர்ப் பலகை செய்யும் தொழிலும் இந்தியாவில் தோன்றியிருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009-இல், கட்டடத்துக்குப் பயன்படும் பாஸ்போஜிப்ஸத்தின் ரேடியத்துக்குக் கிராமுக்கு ஒரு பெக்கரல் என்று வரம்பு குறித்தது. வாரியத்தின் தலைமையகமும் அணுசக்தி நகரில், அதாவது செம்பூருக்கு அண்டையில்தான் இருக்கிறது.

ஆனாலும், நான் அஞ்சுவது சுவரையல்ல, ஜன்னலையே. எதிரெதிரே இரு திறப்புகள் இல்லாமல், அடுத்த கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து ஜன்னலை அடைத்துக் குளிர்சாதனத்தை ஓட்டும் வீட்டில், மேற்சொன்ன கணக்கின் இரண்டாவது விடையே பலிக்கும். நூறு என்னும் வரம்பை அது தாண்டாமல் இருக்கலாம். ஆனால் காற்று மாறாத அறையில் ரேடான் மட்டுமா தேங்குகிறது? அடுப்புப் புகையும் க்ஷயக் கிருமியும் கூடத்தான் தேங்குகின்றன. ரேடானை அளப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த அறையின் காற்றோட்டத்தையே அளக்கிறார்.

ஆகவே, புதிய தாராவியைக் கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டடத்திலும் கீழ்த்தளத்தில் சில வீடுகள், நடுத்தளத்தில் சில, உச்சியில் சில என்று தேர்ந்தெடுத்து, குடிபுகுந்த முதல் வருஷத்திலேயே மழைக்காலத்தில் மூன்று மாதமும் குளிர்காலத்தில் மூன்று மாதமும் ஊசித்துளைக் கருவிகளைத் தொங்கவிட்டு அளந்து, கிடைத்த எண்களைக் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மராத்தியிலும் ஹிந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். செலவு அற்பம், வேண்டிய படலமும் பொறி எண்ணும் யந்திரமும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் டிராம்பேயிலேயே இருக்கிறார்கள்.